லீவில் நிற்பவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

சில மாதங்களுக்கு முன் கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எமது சங்க அங்கத்தவர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். இங்கே சிட்னியில் முதியோர் இல்லம் ஒன்றில் இருபது பேருக்குப் பொறுப்பாக இருப்பவர். அவரின் கீழ் வேலை செய்யும் ஒரு பெண், மன அழுத்தம் என்று டொக்டரின் கடிதம் கொடுத்துவிட்டு மூன்று கிழமையாக லீவில் நிற்கிறாராம். "டொக்டர், நான் அவவுக்கு ரெலிபோன் எடுக்கலாமோ? எடுத்தால் கரைச்சல் குடுக்கிறன் எண்டு நினைப்பாவோ?" என்று கேட்டார்.

"கட்டாயம் எடுங்கோ" என்று மட்டும் அன்று சொன்னேன். ஏன் என்பதை எழுதித் தரும்படி மடலின் ஆசிரியர் கேட்டார். எம் அங்கத்தவர்களிற் பலர் இன்று வைத்தியசாலைகளிலும் கந்தோர்களிலும் தொழிற்சாலைகளிலும் நாலு பேரை வழிநடத்தும் நிலையில் இருப்பதால் நானும் சம்மதித்தேன்.

முதலில், இந்த மாநிலத்துத் தீயணைப்புப் படையில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லவேண்டும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தையும் பிளாக் டோக் நிறுவனத்தையும் சேர்ந்த மனநல வைத்தியர் சாமுவேல் ஹார்வியின் குழுவினர் செய்த இந்த ஆய்வு, 2017 ஆம் ஆண்டில் 'லான்செட் சைக்கியாட்ரி' என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. படையின் பொறுப்பதிகாரிகள் 128 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு 4 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே பயிற்சியைப் பிற்போட்டார்கள். அதிகாரிகளிடம் "பயிற்சி எப்படி இருந்தது" என்று கேட்டதோடு நில்லாமல், ஆறு மாதத்தின் பின் அவர்களுக்குக் கீழ் வேலை செய்தவர்களின் லீவுக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். வேலையால் ஏற்பட்ட சுகவீனத்துக்காக எடுத்த லீவு, பயிற்சி பெற்றவர்களின் கீழ் நூற்றுக்கு 1.56 இலிருந்து 1.28 ஆகக் குறைந்திருந்தது. மற்றவர்களின் கீழ் 0.95 இலிருந்து 1.23 ஆகக் கூடியிருந்தது. சாதாரண சுகவீன லீவில் அப்படி வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆயினும் பயிற்சிக்குச் செலவான ஒவ்வொரு பவுணுக்கும் ஏறத்தாழப் பத்துப் பவுண் மிச்சமானது என்று கணக்கிட்டிருந்தார்கள். நாலு மணி நேரத்துக்கு இது பெரிய பலன்.

அந்த நாலு மணி நேரத்தில் மனநல சாத்திரம் எதையும் ஆழமாகப் படிப்பிக்கவில்லை. ஒருவர் சுகமில்லாமல் இருந்தால் நாட் கடத்தாமல் தொடர்பு கொள்ளுங்கள், விட்டு விட்டு அல்ல, ஒழுங்காகத் தொடர்பு கொள்ளுங்கள் என்றார்கள். கனிவாகப் பேசுங்கள், வைத்தியம் செய்ய முயலாமல் வேலை சம்பந்தமாக என்ன உதவி செய்யலாம் என்று பாருங்கள், டொக்டரிடம் போகும்படி ஊக்கப்படுத்துங்கள், திரும்பி வரும் வழியைச் சேர்ந்து யோசியுங்கள், அடுத்து எப்போது பேசுவது என்று நாள் குறித்துவிட்டு ரெலிபோனை வையுங்கள் என்றார்கள். இவ்வளவுதான்.

இவ்வளவையும் நான் அறியாதிருந்த காலத்தில் நடந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். பதினைந்து வருடங்களுக்கு முன், ஒரு பெரிய வைத்தியசாலையில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். என் கீழ் வேலை செய்த இளம் டொக்டர் ஒருவர், எங்கள் ஆள்தான், 5 கிழமை லீவில் நின்றார். ஆளைத் தொந்தரவு செய்யக்கூடாது, அதுதான் மரியாதை என்று நான் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், என்ன பேசுவது என்று தெரியாத பயமும் இருந்தது. அவர் திரும்பி வந்தது ராஜினாமாக் கடிதம் கொடுக்க. "சேர், அஞ்சு கிழமையா ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நான் இங்க தேவையில்லை எண்டு விளங்கிப்போச்சு" என்றார். என் மரியாதை அவருக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் போன பிறகு அந்த இடத்தை நிரப்ப எட்டு மாதம் எடுத்தது. ஆனால் எனக்கு இன்றும் மனதில் நிற்பது அந்த எட்டு மாதம் அல்ல.

பிறகு ஒரு தாதி லீவில் நின்றபோது இரண்டாம் நாளே எடுத்தேன். "வேலையைப் பற்றிக் கதைக்க எடுக்கவில்லை, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எடுத்தேன்" என்று தொடங்கினேன். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. அது பொறுப்பாளர் கேட்கவேண்டிய கேள்வி அல்ல. அவராகச் சொன்னதையும் வேறொருவருக்குச் சொல்லவில்லை. மூன்று நிமிடம் பேசியிருப்போம். ஆனால் பிணக்கே உங்களோடுதான் என்றால் நீங்கள் எடுக்காதீர்கள். வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

எங்களவர்களிடம் இன்னொரு குணம் உண்டு. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் நாங்கள். இளம் பிள்ளை ஒன்று வேலையிடத்தில் தாங்க முடியவில்லை என்று சொன்னால், "நாங்கள் பட்டதை விடவா?" என்று வாயில் வந்துவிடுகிறது. நானும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு எங்களிடம் ஒன்றும் சொல்லாது. ஒருவர் வாழ்ந்து பயனில்லை என்ற விதமாகப் பேசினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் உண்டாவதில்லை. இரவு பகலாக லைஃப்லைன் 13 11 14 இல் பேசலாம். உடனடி ஆபத்தென்றால் 000. தமிழில் பேச உதவி வேண்டுமானால் 131 450 இல் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். குடும்ப டொக்டர் மனநலத் திட்டம் எழுதிக் கொடுத்தால், மெடிகெயரில் வருடத்துக்கு 10 தடவை வரை உளவியலாளரிடம் போகச் சலுகை உண்டு. இது எங்களிற் பலருக்குத் தெரியாது.

அன்பாகக் கேட்பது மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. வேலைப் பளு கூடி, அதைச் செய்யும் விதத்தில் தன் சொல்லுக்கு இடமில்லாதபோதுதான் மனிதர் உடைகிறார்கள் என்று றொபேட் கராசெக் 1979 இலேயே எழுதினார். இரவுவேலை, காலைவேலை என்று ரோஸ்டரைத் தாறுமாறாக எழுதிவிட்டு "சுகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. 2022 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலிருந்து இந்த மாநிலத்தின் தொழிற் பாதுகாப்பு விதிகளும் இதைச் சொல்கின்றன. மனதைப் பாதிக்கும் வேலை நிலைமைகளையும், வழுக்கும் தரையைப் போலவே, வேலை கொடுப்பவர் கவனிக்க வேண்டும்.

பொறுப்பாளரை யார் கேட்பது? பியோண்ட் புளூ நிறுவனம் 2013 இல் வெளியிட்ட, 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொக்டர்கள் பங்குபற்றிய ஆய்வில், பொதுமக்களை விட டொக்டர்களுக்கு மனத்துயர் கூடுதலாகவே காணப்பட்டது. அந்த நாட்களில் எனக்கென்று ஒரு குடும்ப டொக்டர்கூட இருக்கவில்லை. நித்திரை குறைந்து, வீட்டில் எரிந்து விழுந்து, கடைசியில் என்னிலும் இருபது வயது குறைந்த ஒரு தாதிதான் "டொக்டர், நீங்கள் முன்னம்போல இல்லையே" என்றார். கோபம் வந்தது. மறுநாள் நேரம் குறித்து டொக்டரிடம் போனேன்.

அந்த அங்கத்தவரைப் போன வெள்ளிக்கிழமை மீண்டும் கண்டேன். முதல் அழைப்பை அந்தப் பெண் எடுக்கவில்லையாம். இரண்டாவதை எடுத்து, நன்றாக அழுதாராம். இப்போது கிழமையில் இரண்டு நாள், காலையில் மட்டும் வருகிறார். அடுத்த மாத ரோஸ்டரை இருவருமாக இருந்து எழுதப் போகிறார்களாம்.