எத்தனையாவது நாள் காய்ச்சல்?

சிலாங்கூரின் ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் ஒருவர் காய்ச்சலென்று படுத்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு டிங்கிதான். அந்தப் பயம் நியாயமானது. 2019இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிலாங்கூர் மாநிலத்தவர்.

உடனே கிளினிக், உடனே இரத்தப் பரிசோதனை. இதுவரை சரி. ‘நெகட்டிவ்’ என்று முடிவு வந்ததும் மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிடுவதுதான் கவலைக்குரியது. இரத்தம் எந்த நாளில் எடுக்கப்பட்டது, அதில் எதைத் தேடினார்கள் என்ற இரண்டும் தெரியாவிட்டால் அந்த முடிவு அரைகுறைச் செய்திதான்.

96 குழிகளில் நடப்பது

இத்தகைய நோய்களைக் கண்டறிய ஆய்வகங்கள் நம்பியிருக்கும் முறைகளில் முக்கியமானது எலைசா. 1971இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மான் இருவரும் இதை வெளியிட்டார்கள். அதே காலத்தில் நெதர்லாந்திலும் இருவர் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார்கள். அதற்கு முன்பு இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் இருப்பதை அளக்கக் கதிரியக்கப் பொருள் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரு நொதியை வைத்ததும், இந்தச் சோதனை சாதாரண மருத்துவமனை ஆய்வகத்துக்குள்ளும் வந்துவிட்டது.

உள்ளங்கையில் அடங்கும் தெளிந்த பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என 96 சின்னக் குழிகள். டிங்கிக்கான ‘ஐஜிஎம்’ சோதனையில், மனித ஐஜிஎம் எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் பூச்சு ஒவ்வொரு குழியின் அடியிலும் இருக்கும். நோயாளியின் சீரத்தை விட்டதும் அதிலுள்ள ஐஜிஎம் அங்கே ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிடுவார்கள். அடுத்து டிங்கி வைரஸின் புரதம். ஒட்டியிருப்பவற்றில் டிங்கிக்கென்றே உருவானது இருந்தால் மட்டும் புரதம் தங்கும். மறுபடியும் கழுவல். பிறகு நொதி கட்டிய இன்னோர் எதிர்ப்பொருள், மறுபடியும் கழுவல். கடைசியாக நிறமற்ற ஒரு கரைசலை விட, நொதி தங்கிய குழி நீலமாக மாறும். அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கருவி ஒளியை ஊடுருவவிட்டு அளந்து எண்ணாகச் சொல்லும்.

இதில் கழுவலை லேசாக எண்ணக்கூடாது. ஒட்டாத நொதி கொஞ்சம் மிஞ்சினாலும் நோயில்லாதவரின் குழியும் நிறம் காட்டிவிடும். அதனால்தான் நோய் உண்டென்று தெரிந்த இரத்தமும், இல்லையென்று தெரிந்த இரத்தமும் அதே தட்டில் சேர்த்தே சோதிக்கப்படுகின்றன. அவை இரண்டும் சரியாக வராவிட்டால் முழுத் தட்டையும் ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆய்வகத்தில் வேலை செய்பவர்களின் பொறுமைக்கு நோயாளிகள் கடன்பட்டிருக்கிறார்கள்.

டிங்கியின் நாள்கணக்கு

காய்ச்சலின் முதல் நாள்களில் ‘என்எஸ்1’ என்ற வைரஸ் புரதம் இரத்தத்தில் ஓடும். ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பின் அது குறையத் தொடங்கும். ஐஜிஎம் எதிர்ப்பொருளோ பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும். பிறகு இரண்டு மூன்று மாதங்கள்கூடத் தங்கும். ஆகவே இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் பார்த்து நெகட்டிவ் வந்தால், உடல் இன்னும் எதிர்ப்பொருளை உருவாக்கவில்லை என்பதுகூட அதற்குக் காரணமாக இருக்கலாம். எட்டாம் நாளில் என்எஸ்1 மட்டும் பார்த்தாலும் இதே கதை.

டிங்கி வைரஸில் நான்கு வகைகள் உண்டு. முன்பு ஒரு வகை கண்டவருக்கு இன்னொரு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். அதே ஆளிடம் என்எஸ்1 சீக்கிரமே மறையலாம். ஐஜிஎம் மங்கலாகவே இருக்கலாம். பழைய தொற்றின் நினைவாக ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் மட்டும் வேகமாக எழும். ஆபத்து கூடிய நோயாளியிடமே சோதனை தடுமாறுவதால், “முன்பு டிங்கி வந்ததுண்டா?” என்று டாக்டர் கேட்கும்போது யோசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

கிளினிக்கில் சில நிமிடங்களில் கோடு காட்டும் பட்டைச் சோதனை எலைசாவின் நெருங்கிய உறவு. விரைவு அதன் பலம். ஆனால் எலைசா பிடித்துவிடும் மெல்லிய அளவுகளை அது சில நேரம் தவறவிடும்.

1999: தேடியது ஒன்று, கொன்றது வேறொன்று

எலைசா ஆட்களைக் குழப்பியதும் உண்டு. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் இருந்ததால், அதுதான் நோய் என்று முடிவானது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை இறங்கியது. ஜெஞ்சாரோம் அடங்கிய கோல லங்காட்டுக்குப் பக்கத்து மாவட்டமான செப்பாங்கிலும் ஆட்கள் விழுந்தார்கள். படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றியைத் தொட்டு வேலை செய்த ஆண்கள். பன்றிகளும் இருமிச் செத்துக்கொண்டிருந்தன. கொசுவால் பரவும் நோய்க்கு இது பொருந்தவே இல்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அது ஆஸ்திரேலியாவில் 1994இல் குதிரைகளைத் தாக்கிய ஹெண்ட்ரா வைரஸின் உறவு எனத் தெரியவந்தது. நோயாளி ஒருவரின் ஊரான கம்போங் சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு நிலைத்தது. ஹெண்ட்ராவின் புரதத்தை வைத்து நடத்திய எலைசாவில் நோயாளிகளின் இரத்தம் பளிச்சென்று பதில் சொன்னது.

மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் மாண்டார்கள். அதன்பின் நாடு முழுவதும் பண்ணைகளில் எங்கே கிருமி ஒளிந்திருக்கிறது என்று தேடியதும் எலைசாவால்தான். 889 பண்ணைகளில் பன்றிகளின் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 50 பண்ணைகள் சிக்கின.

குழம்பவைத்த கருவியும் மீட்டுக்கொடுத்த கருவியும் ஒன்றுதான். குழிக்குள் எந்தப் புரதத்தை வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. டிங்கி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா ஆகியவை ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றுக்கான எதிர்ப்பொருள் இன்னொன்றின் சோதனையில் நிறம் காட்டுவது இன்றும் நடக்கிறது.

கவுன்டரில் சொல்ல வேண்டியது

காய்ச்சல் தொடங்கிய தேதியை நோயாளியோ வீட்டாரோ தவறாமல் சொல்ல வேண்டும். “ரெண்டு மூணு நாளா” என்பது போதாது. திங்கட்கிழமை இரவா, செவ்வாய் காலையா என்பது வரை சொன்னால், எந்தச் சோதனை பொருந்தும் என்று டாக்டரால் தீர்மானிக்க முடியும். முதல் முடிவு நெகட்டிவ் வந்து சந்தேகம் நீடித்தால், சில நாள் கழித்து இரண்டாவது முறை இரத்தம் கேட்பார்கள். அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது.

எலைசா முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருப்பதில்லை. தினமும் எடுக்கும் முழு இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைகின்றனவா, இரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதே டாக்டரின் உடனடிக் கவனம். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டிங்கியில் அதிக ஆபத்தானது. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசாத்திய சோர்வு என எது தெரிந்தாலும், கையில் நெகட்டிவ் சீட்டே இருந்தாலும், பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளான் பெரிய மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் இரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டும்.