சிறு துளையில் பெரும் சிகிச்சை



வயிற்று வலி என்றதும் நம் மலையூர்களில் ஓமமும் விளக்கெண்ணெயும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிலைக்கும் வலியோடு வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால், அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது பேதிக்குக் கொடுப்பது ஆபத்து. வீங்கிய குடல்வால் வெடித்துவிடக்கூடும். சிறு குழந்தைகளுக்கு வலியை விளக்கத் தெரியாததால், பலரை வெடித்த பிறகே மருத்துவமனையில் சேர்க்கின்றனர்.

குடல்வால் பெருங்குடலின் தொடக்கத்தில் புழுவைப்போல் தொங்கும் சிறு உறுப்பு. 1735-இல் லண்டனில் கிளாடியஸ் அம்யாண்ட் என்ற மருத்துவர் அதை முதன்முதலில் அறுத்து நீக்கினார். நோயாளி 11 வயதுச் சிறுவன். மயக்க மருந்து இல்லாத அக்காலத்திலும் அவன் பிழைத்தான்! 1980-இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்பவர், சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப் கருவியைச் செலுத்திக் குடல்வாலை எடுத்தார். அன்று அவரைக் கண்டித்தவர்கள் பலர். இன்றோ குழந்தைகளுக்கும் அம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது.

அறுவை முடிந்ததும் கவலை தீர்ந்தது என்று எண்ணலாமா? கூடாது. குடல்வால் வெடித்திருந்தால், வயிற்றினுள் எஞ்சிய கிருமிகளால் சில நாட்களில் சீழ் கட்டலாம். மீண்டும் காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி, சிலருக்கு வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் அறிகுறிகள்.

முன்பெல்லாம் இதற்காக வயிற்றை மறுபடி திறப்பார்கள். இப்போது சிறிய கட்டியாயின் கிருமிக்கொல்லி மருந்தே போதுமானதாக இருக்கும். பெரியதாயின் ஸ்கேன் திரையில் சீழ் உள்ள இடத்தைப் பார்த்தபடியே தோலின் வழியாக ஊசியைச் செலுத்துவர். அதன் வழியே ஒரு மெல்லிய கம்பி. கம்பியின்மேல் ஒரு சிறு குழாய். குழாயின் நுனி உள்ளே சுருண்டுகொள்வதால் எளிதில் நழுவாது. சில நாட்களில் சீழ் வடிந்ததும் அதை உருவிவிடுவர். ஊசி எட்டாத இடமானால் லேப்ராஸ்கோப் உதவும். குடல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பு ஏற்பட்டாலும் அக்கருவியால் சில வேளைகளில் விடுவிக்கலாம். எல்லோருக்கும் இவை பொருந்தா. சிலருக்கு வயிற்றைத் திறந்தே ஆகவேண்டும்.

எங்கள் பூண்டியிலிருந்து கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை எனப் பல ஊர்களைக் கடந்தே கொடைக்கானலை அடையவேண்டும். பெரிய மருத்துவமனைக்கோ அதற்கும் கீழே மலை இறங்கவேண்டும். ஆகவே நமக்கு ஒவ்வொரு மணி நேரமும் அரியது.

"மறுபடியும் வயிற்றைக் கிழிப்பார்களோ" என்று அஞ்சிக் காய்ச்சலை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. தோழியரே, மறைக்காதீர்கள், உடனே அம்மாவிடம் சொல்லுங்கள். பெற்றோரே, "தானே சரியாகும்" என்று காத்திராதீர்கள். சிற்றுளியால் மலையும் தகரும் என்பார்கள். காலத்தில் சென்றால் ஊசி முனையளவு துளையும் ஓர் உயிரைக் காக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, பூண்டி