ஆச்சியின் தக்காளித் தொக்கு

மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார் நம் சங்கச் செயலாளர். தொக்கைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். சென்ற மாதம் என் அறைக்கு வந்து அரைப் புட்டித் தொக்கை வழித்து உண்டவரும் அவரே.

ஒரு நாள் கிளறி ஒரு மாதம் உண்ணும் பண்டம் அது. தயிர்ச்சோற்றுக்கும் தோசைக்கும் உகந்தது. தில்லிக்கு வந்தபின் சப்பாத்திக்கும் உறவாகிவிட்டது. குளிர்காலத்தில் தக்காளி மலிவாகக் கிடைக்கும்போதே செய்துவைப்பது நலம். 2023 ஜூலையில் இங்கே கிலோ 200 ரூபாயைத் தாண்டியதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் என் ஆச்சியின் கைமுறை இது. அளவு கேட்டால் “எல்லாம் கண்ணளவுதான்” என்பாள். அந்தக் கண்தான் இப்போது மங்கிவிட்டது. கண்ணில் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். ஆகவே அந்தக் கண்ணளவை எண்ணளவாக எழுதிவைக்க எனக்கு அவசரம் வந்தது.

நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ, எலுமிச்சம்பழ அளவு புளி, நல்லெண்ணெய் 150 மில்லி, மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, சிறிது மஞ்சள்தூள், உப்பு 25 கிராம். எண்ணெயில் பாதியைக் காயவைத்துக் கடுகு தாளித்து, பெருங்காயம் போட்டு, நறுக்கிய தக்காளியையும் புளியையும் வேகவிட வேண்டும். குழைந்தபின் மசித்து, மிளகாய், மஞ்சள், உப்பு சேர்த்து, மீதி எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டும். இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைக் கரண்டி, வெல்லம் ஒரு துண்டு. இரும்புச் சட்டி ஆகாது. புளிப்பில் இரும்பு கரைந்து நிறமும் சுவையும் கெடும்.

முதன்முறை நான் எண்ணெயைப் பாதியாகக் குறைத்தேன். எரிவாயுவையும் மிச்சப்படுத்த எண்ணி இருபத்தைந்தே நிமிடத்தில் இறக்கினேன். ஆறாம் நாள் புட்டியில் வெண்பூஞ்சை! அப்போதுதான் ஆச்சியின் முறையை மாணவனாக நின்று ஆராய்ந்தேன்.

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீர். அது வற்ற வற்ற, எஞ்சிய நீரில் உப்பு செறிகிறது. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் கிடைக்காமல் போகிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுப்பதால் பூஞ்சைக்கு இடமில்லை. ஆனால் காற்றில்லாத இடத்தையே விரும்பி வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் பாட்டுலினம் என்ற கிருமியும் உண்டு. அமிலநிலை எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. சில தக்காளி வகைகள் அந்த எல்லையைத் தாண்டிவிடும். இன்றைய கெட்டித்தோல் தக்காளியில் புளிப்பும் குறைவு. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம்தான் எண்ணைக் கீழே இறக்குகிறது. புளியைச் சுவைக்காக மட்டும் போடுவதாக எண்ணியிருந்தேன்!

“எண்ணெய் பிரியும்வரை கிளறு” என்பது சமையல் வழக்கு. நீர் உள்ளவரை சட்டியின் சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். நீர் போனபின் ஏறும், எண்ணெய் ஓரங்களில் கசியும். ஆச்சியால் இதை இப்போது பார்க்க முடியாது. ஆகவே இரண்டாம்முறை கைபேசியைச் சட்டியருகே பிடித்துக்கொண்டேன். ஊரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், “ஏல, தண்ணி இன்னும் பேசுது. இறக்கிராத” என்றாள்.

உண்மைதான். எண்ணெய்க்கு அடியில் நீர் ஆவியாகி வெடிப்பதுதான் அந்தத் ‘தொப் தொப்’ ஓசை. நீர் தீரத் தீர அது தணிந்து மெல்லிய சீறலாகிவிடும். நாற்பத்தெட்டாம் நிமிடத்தில் “இப்ப எறக்கு” என்றாள். பார்த்தேன், ஓரமெங்கும் எண்ணெய் கசிந்து நின்றது. நிறுத்தால் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

அதைச் சுத்தமான, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். எடுக்கும்போதெல்லாம் உலர்ந்த கரண்டிதான். ஐந்து வாரமாகியும் கெடவில்லை. என் வங்காள நண்பர் இதைப் பரோட்டாவுக்குள் சுருட்டி உண்கிறார். ஆச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

உப்பின் அளவை மட்டும் என் ஏட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அதற்குக் காது உதவாதே! பொங்கல் விடுமுறைக்குப் போகும்போது ஒரு புட்டி என்னோடு வரும். ஆச்சி நாக்கில் வைத்துச் சொன்னபின் மையால் எழுதுவேன்.