கெடா பெண்ணும் கண்ணாடிச் சுவரும்

வானொலியில் புதிர்ப் போட்டி நடத்தும்போது ஒரு கேள்வியை அடிக்கடி கேட்பேன். 2023-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஸ்குவாஷ் மகளிர் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றவர் யார்? அழைப்பவர்களில் பாதிப்பேர் யோசிக்காமல் "நிக்கோல் டேவிட்" என்பார்கள். நிக்கோல் 2019-லேயே ஓய்வு பெற்றுவிட்டார் என்று சொன்னால் அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம். பிறகு தயங்கித் தயங்கி, "நம்ம பொண்ணு ஒண்ணு இருக்காங்களே..." என்று இழுப்பார்கள்.

அந்த நம்ம பொண்ணுதான் எஸ்.சிவசங்கரி. கெடா மாநிலத்துப் பெண். 1999-இல் பிறந்தவர்.

எனக்கும் கெடாதான். செர்டாங். சிலாங்கூர் செர்டாங்கை நினைத்துப் பல்கலைக்கழகத்தைத் தேட வேண்டாம். இது பண்டார் பாரு மாவட்டத்துச் செர்டாங். கூலிமுக்குத் தெற்கே, பேராக் எல்லையை ஒட்டி, சுற்றிலும் ரப்பரும் செம்பனையுமாக இருக்கும் சின்ன ஊர். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விளையாட்டு என்றால் காற்பந்து, அதை விட்டால் கைப்பந்து. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும், சாயங்காலம் கழிந்துவிடும். ஆண்கள் ஆடி முடித்த பிறகு இருட்டுவதற்குள் கொஞ்ச நேரம் பெண்களுக்குக் கிடைக்கும். அக்காமார்கள் சிலர் அபாரமாக ஆடுவார்கள். ஐந்தாம் படிவம் முடிந்ததும் அவர்களில் ஒருவரையும் திடலில் பார்க்க முடியாது.

ஸ்குவாஷ் களத்தை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது பல்கலைக்கழகத்தில், ஊடகத்துறை படித்தபோது. அதுவரை தொலைக்காட்சியில் நிக்கோல் ஆடுவதைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு சுவர் கொண்ட ஓர் அறை. நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் இருக்க மாட்டார், உங்கள் தோளை உரசிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். பந்தை முன்சுவரில் அடிக்க வேண்டும். முன்சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை இருக்கும். பந்து அதில் பட்டால் 'டங்' என்று ஒரு சத்தம் வரும், புள்ளி போய்விடும். பதினொரு புள்ளிக்கு ஓர் ஆட்டம், ஐந்தில் மூன்று ஆட்டத்தை வெல்பவருக்கு வெற்றி.

பந்து சின்னது, 24 கிராம்தான் இருக்கும். கையில் எடுத்துக் கீழே போட்டால் எழும்பவே எழும்பாது. அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் உயிர் வரும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் முதலில் சில நிமிடம் பந்தைச் சூடாக்குகிறார்கள். களத்தின் நடுவே கோடுகள் சேருமிடத்தை 'டி' என்பார்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர் எதிராளியை நான்கு மூலைக்கும் ஓட விடலாம். டென்னிஸில் பந்து வெளியே போய்விட்டால் ஆட்டம் நின்று மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இங்கே பந்து சுவரில் பட்டுத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஆட்டங்களைப் பார்த்தால், பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும்.

ஆங்கிலேயப் பள்ளிகளில் தொடங்கிய விளையாட்டு இது. காலனி ஆட்சிக்காலத்தில் துரைமார்களின் கிளப்புகள் வழியாக நாடு நாடாகப் பரவியது. துரை கிளப்பின் வாசலைக்கூடத் தாண்டாத நம் தாத்தா பாட்டிகளின் பேத்தி ஒருத்தி அதில் ஆசியாவை வென்றிருக்கிறாள் என்று நினைக்கும்போது எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு வருகிறது. பெருமையான சிரிப்புதான்.

சிவசங்கரியின் பெயரை நாடு கவனித்தது 2018-இல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில். அப்போது அவருக்கு 19 வயது. அரையிறுதியில் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பாவை வீழ்த்தினார். இன்னோர் அரையிறுதியில் அதே சென்னையின் தீபிகா பள்ளிக்கலை நிக்கோல் தோற்கடித்தார். ஆக, இறுதியாட்டத்தில் மலேசியாவுக்கு எதிராக மலேசியா. ஒரு பக்கம் எட்டு முறை உலக வெற்றியாளர், 2006 முதல் 2015 வரை இடைவிடாமல் ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் நிலையில் இருந்தவர், அந்த மாதம்தான் 35 வயது நிறைந்தவர். மறுபக்கம் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த பெண். ஐந்து ஆட்டம் வரை இழுத்து, கடைசியில் நிக்கோல் வென்றார். அது ஒற்றையர் பிரிவில் நிக்கோலின் ஐந்தாவது ஆசியத் தங்கம். சிவசங்கரிக்கு வெள்ளி. நிக்கோலைக் கடைசி ஆட்டம் வரை கொண்டுபோன அந்த வெள்ளி பல தங்கங்களைவிட எடை கூடியது என்பது என் கணக்கு.

அதன் பிறகு அவர் செய்ததுதான் நம் வீடுகளில் பேசப்பட வேண்டியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். ஐவி லீக் என்று சொல்லப்படும் எட்டுப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று அது. நம் வீடுகளில் "படிப்பா, விளையாட்டா" என்று கேட்பதற்கு ஒரு தனிக் குரல் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? கேள்வி மாதிரி தொடங்கும், தீர்ப்பாக முடியும். கார்னெல் அந்தக் கேள்வியை வேறு மாதிரி பார்க்கிறது. ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று தனி உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் நிதியுதவி தருவார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு ஸ்குவாஷ் அணிகள் உண்டு, உலகம் முழுவதும் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடும் பயிற்றுநர்களும் உண்டு. மதிப்பெண்ணும் இருந்து ராக்கெட்டும் பேசினால் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டிலும் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு என்பது பெற்றோர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், எஸ்.பி.எம். ஆண்டு வந்ததும் முதலில் நிறுத்துவது திடலுக்குப் போவதைத்தான்.

2022 ஜூன் மாதக் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. சிவசங்கரி சென்ற கார் விபத்துக்குள்ளானது. முகத்திலும் முதுகெலும்பிலும் காயம். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் மட்டுமே இருந்தது. அங்கே அவரால் போக முடியவில்லை. அன்றைக்குப் பலரும் கவலைப்பட்டது பதக்கத்தை நினைத்து இல்லை, இந்தப் பெண் இனி குனிந்து நிமிர்ந்து ஆட முடியுமா என்றுதான். ஸ்குவாஷ் ஆட்டக்காரரின் உடலில் முதுகு படும் பாடு கொஞ்சமில்லை. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், முன்மூலைப் பந்தை எடுக்கத் தரையோடு தரையாகப் பாய வேண்டும், எடுத்த நொடியே பின்னால் 'டி'க்கு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை, ஆயிரம் முறை.

இதில் காலம் செய்த ஓர் உதவியும் இருக்கிறது. ஹாங்சாவ் ஆசிய விளையாட்டுப் போட்டி முதலில் 2022 செப்டம்பரில் நடப்பதாக இருந்தது. கோவிட் காரணமாக ஓராண்டு தள்ளிவைத்தார்கள். தள்ளிவைக்கும் முடிவு அந்த ஆண்டு மே மாதத்திலேயே வந்துவிட்டது, விபத்துக்கு முன்பே. முதலில் சொன்ன தேதியில் நடந்திருந்தால், முதுகெலும்புக் காயத்தோடு மூன்று மாதத்துக்குள் அவர் எப்படிக் களம் இறங்கியிருப்பார்?

2023 அக்டோபர் 5. ஹாங்சாவ் இறுதியாட்டத்தில் ஹாங்காங்கின் சான் சின் யுக்கை வென்றார் சிவசங்கரி. விபத்து நடந்து பதினைந்து மாதம் கழித்து ஆசியாவின் முதல்வர். அன்றே ஆண்கள் பிரிவில் நம் இங் இயன் யோவ் இந்தியாவின் சவுரவ் கோஷலை வென்று தங்கம் எடுத்தார். ஒரே நாளில் இரண்டு தங்கம். மறுநாள் காலை ஸ்டூடியோவில் செய்தித் தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு எந்தத் தலைப்பை முதலில் வாசிப்பது என்று நானும் சக அறிவிப்பாளரும் செல்லச் சண்டை போட்டோம்.

அடுத்த ஆண்டு லண்டனில் இன்னும் பெரியது நடந்தது. மகளிர் ஸ்குவாஷில் எகிப்து வைத்ததுதான் சட்டம் என்ற காலம் இது. 2024 லண்டன் கிளாசிக் போட்டியில் உலக வெற்றியாளர் பட்டத்தைப் பலமுறை வென்ற நூர் எல் ஷெர்பினியைத் தாண்டி வந்து, இறுதியில் இன்னோர் எகிப்திய நட்சத்திரம் ஹானியா எல் ஹமாமியை ஐந்து ஆட்டத்தில் வீழ்த்தினார் நம் கெடா பெண். ஆசியத் தங்கத்துக்குக் கிடைத்த கைத்தட்டலில் பாதிகூட அதற்கு இங்கே கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் அவர் ஆடியதிலேயே பெரிய வாரம் அதுதான்.

இவர் தனி ஆளாக வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை 1966-இல் முதன்முதலாகப் பெற்றவர் ஓட்டக்காரர் எம்.ராஜாமணி. 1997 ஜகார்த்தா சீ விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டையும் வென்றவர் ஜி.சாந்தி. இப்போது பூப்பந்தில் எம்.தீனா, பெர்லி தானோடு சேர்ந்து பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை வந்தார். 2025 உலகப் போட்டியில் இருவரும் வெள்ளி வென்றார்கள். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பார்ப்போம்.

சீனாவின் மகளிர் கைப்பந்து அணியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் திடல் நினைவுக்கு வரும். 1984 ஒலிம்பிக்கில் ஆட்டக்காரராகத் தங்கம் வென்ற லாங் பிங், 2016 ரியோவில் பயிற்றுநராகவும் தங்கம் வென்றார். அந்த ரியோ அணியின் நட்சத்திரம் ஜூ டிங். ஹெனான் மாநிலத்தின் ஒரு கிராமத்தில், ஐந்து பெண் பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்தில் மூன்றாவதாகப் பிறந்தவர். பதின்ம வயதிலேயே விளையாட்டுப் பள்ளிக்குப் போனார். இன்று 1.98 மீட்டர் உயரம். ரியோவில் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அங்கே கிராமத்துப் பெண்ணுக்கும் விளையாட்டுப் பள்ளிக்கும் இடையே ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையின் கடுமை பற்றி வேறு விமர்சனங்கள் உண்டு. எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் பாதை இல்லாமல் இல்லை. புக்கிட் ஜாலிலிலும் ஜொகூரின் பண்டார் பெனாவாரிலும் விளையாட்டுப் பள்ளிகள் இருக்கின்றன. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள் இருக்கின்றன. ஆனால் முதல் சில கிலோமீட்டர் அப்பாவின் காரில்தான். தோட்டத்திலிருந்து களம் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோய் விட்டு, வாசலில் காத்திருந்து, இரவு ஒன்பது மணிக்குத் திரும்ப அழைத்து வர ஓர் ஆள் வேண்டும். நல்ல ராக்கெட் சில நூறு வெள்ளி. காலணி தேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வேலை பார்க்கும் அப்பாவாலும், ஓவர்டைம் செய்யும் அம்மாவாலும் இது முடிகிற காரியமா? முடியாதவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

முடிகிறவர்களைக் கேட்கலாம். என் வயதுத் தோழிகள் பலர் இன்று சுங்கை பட்டாணியிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் இரண்டு கார். பெண் பிள்ளைக்குச் சனிக்கிழமை பரதம், ஞாயிறு தேவாரம், வாரநாள்களில் டியூஷன். பரதத்துக்கு ஆன செலவு விவரத்தை அரங்கேற்ற அழைப்பிதழோடு சேர்த்தே சொல்வார்கள். விளையாட்டு என்றால் மட்டும், "வெயில்ல கறுத்துடுவாடி" என்கிறார்கள். அடியே, ஸ்குவாஷ் அறைக்குள் வெயில் எங்கே அடிக்கிறது?

ஹாங்சாவ் தங்கம் கிடைத்த பதினொராம் நாள், 2023 அக்டோபர் 16, மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் ஸ்குவாஷைச் சேர்த்தது. இதற்காக நிக்கோல் எத்தனை ஆண்டு குரல் கொடுத்தார்! தன் உலகப் பட்டங்களை எல்லாம் ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்குக் கொடுத்துவிடத் தயார் என்றுகூட ஒருமுறை சொன்னார். 2012 லண்டன் ஒலிம்பிக் நடந்தபோது அவருக்கு வயது 28, உலகின் முதல் நிலை ஆட்டக்காரர், ஆனால் ஒலிம்பிக்கில் அவர் விளையாட்டே இல்லை. 2028 ஜூலையில் சிவசங்கரிக்கு வயது 29 இருக்கும். தகுதி பெற வேண்டும், உடல் ஒத்துழைக்க வேண்டும், எகிப்துக்காரர்கள் வழிவிடப் போவதில்லை. ஆனால் ஆடுவதற்கு இடமாவது இருக்கிறது.

இடம் எது தெரியுமா? யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகம். படம் எடுக்கிற இடத்தில் ஸ்குவாஷ் களம். லாஸ் ஏஞ்சலஸில் இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு மறுநாள் காலை பத்து மணி. வேலைக்குப் போகிறவர்கள் அன்றைக்கு மட்டும் விடுப்பு எடுக்கப் பார்க்கலாம். முடியாதவர்கள் வானொலியை முடுக்கி வையுங்கள். புள்ளி நிலவரத்தை உடனுக்குடன் நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.