கணக்கும் விஞ்ஞானமும் நம்ம பிள்ளைகளுக்கு எட்டாத பாடங்களா?



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த ஒரு நாள், மாலைப் பிரட்டு முடிந்த பிறகு ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் காரியாலயத்துக்கு வந்தார். பிள்ளையின் கண் சிவந்திருந்தது.

"ஐயா, தமிழு, சமயம், வரலாறு எல்லாத்துலயும் நல்லா செஞ்சிருக்கா. கணக்குல மட்டும் போயிருச்சுங்க. நர்ஸா வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்த புள்ள. இனி என்னங்க செய்யிறது?"

நான் பிள்ளையிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "தரம் 7, 8ல உனக்குக் கணக்கு படிச்சுக் குடுத்தது யாரும்மா?" அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஏழாம் ஆண்டுல சேர் மாற்றலாகிப் போயிட்டாங்க ஐயா. எட்டுல பாதி வருசம் கணக்குக்கு யாருமே வரல்ல. வேற பாடத்து டீச்சர் வந்து எங்களைப் பார்த்துக்கிட்டாங்க."

இதிலேதான் விசயம் இருக்கிறது. அந்தப் பிள்ளை தோற்றது பதினோராம் ஆண்டில் அல்ல, ஏழாம் ஆண்டிலேயே. நமக்குத் தெரியவந்தது நான்கு வருசம் கழித்துத்தான். இப்படித் தாமதமாகத் தெரியவருவதை எப்படித் தடுப்பது, அதற்கு நம்ம வலயத்தில் என்ன உதவி இருக்கிறது என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு ஒரு படிக்கட்டு

வரலாற்றில் ஒரு பாடம் தவறினால் அடுத்த பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். கணக்கு அப்படி இல்லை. அது லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டு மாதிரி. நடுவில் இரண்டு படி உடைந்து போனால் மேலே ஏற முடியாது. பின்னம் விளங்காத பிள்ளைக்கு வீதம் விளங்காது. வீதமும் விகிதமும் விளங்காவிட்டால் வட்டிக் கணக்கு வராது. கூட்டல் கழித்தல் குறிகளில் தடுமாறுகிற பிள்ளைக்கு அட்சர கணிதம் பயமாகத்தான் இருக்கும். விஞ்ஞானத்தில் வேகம், அடர்த்தி, மின்னோட்டம் என்று வரும்போது அங்கேயும் கணக்குத்தான் நிற்கிறது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறினார்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அன்று உடைந்த படிகள் பல வீடுகளில் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? பொதுவான விதிப்படி, உயர் தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அதில் தாய்மொழியும் கணிதமும் அடங்கியிருக்க வேண்டும். மூன்று பாடங்களில் திறமைச் சித்தியும் வேண்டும். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு வழக்கமாக உயர் தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதப் பிரிவில் படித்தவர்களையே எடுத்துவந்தார்கள். "நர்ஸா வரணும்" என்று சொல்கிற பிள்ளையின் பாதை தரம் 6ன் கணக்குக் கொப்பியிலேயே தொடங்கிவிடுகிறது.

நம்ம பாடசாலைகள் ஏன் பின்னாலே நிற்கின்றன?

ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலை என்றால் ஒரு அறை, ஒரு வாத்தியார். எழுத வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. நாடு முழுவதும் இலவசக் கல்வி 1945லேயே தொடங்கிவிட்டது. நாம் ஓட்டத்தில் சேர்ந்தது ஒரு தலைமுறை பிந்தித்தான்.

பிறகு உதவிகள் வந்தன. சுவீடன் நாட்டின் சீடா நிறுவனத்தின் துணையோடு கட்டிடங்களும் ஆசிரியர் பயிற்சிகளும் கிடைத்தன. ஜெர்மன் நாட்டு உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி உருவானது. கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையும் இருக்கிறது. இவற்றால் நம்ம தோட்டங்களிலிருந்தே நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள். இது பெரிய காரியம்.

ஆனாலும் கணக்கு, விஞ்ஞான ஆசிரியர் குறைவு இன்னும் தீரவில்லை. காரணம் ஒரு வட்டம் மாதிரி சுற்றுகிறது. உயர் தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையை 1ஏபி என்பார்கள். கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. தரம் 11 வரை உள்ளது வகை 2. ஆரம்ப வகுப்புகளோடு நிற்பது வகை 3. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் வகை 2, வகை 3 பாடசாலைகள்தான். விஞ்ஞானம் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காசும் தூரமும் பார்த்து, பிள்ளை பக்கத்தில் உள்ள கலைப் பிரிவில் சேர்ந்துவிடுகிறது. விஞ்ஞானம் படித்தவர் குறைந்தால் விஞ்ஞான ஆசிரியரும் குறைவு. ஆசிரியர் குறைந்தால் அடுத்த பிள்ளையும் அதே பாதையில்தான் போகும்.

வலயத்தில் என்ன உதவி இருக்கிறது?

பாடசாலைக்கு மேலே கோட்டக் கல்வி அலுவலகம், அதற்கு மேலே வலயக் கல்வி அலுவலகம், அதற்கும் மேலே மாகாணக் கல்வித் திணைக்களம் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து வலயங்கள். உங்கள் பாடசாலை எந்த வலயம் என்று அதிபரிடம் கேட்டு முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வலயத்திலிருந்து வரக்கூடிய உதவிகள் இவை:

1. ஆசிரிய ஆலோசகர்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தனித்தனி ஆலோசகர்கள் உண்டு. இவர்கள் பாடசாலைக்கு வந்து வகுப்பைப் பார்ப்பார்கள், ஆசிரியருக்கு வழி காட்டுவார்கள். குறை பிடிக்க வருபவர்கள் அல்ல. வேறு பாடம் படித்துவிட்டுக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியருக்கு இவர்கள் உதவி மிக அவசியம்.

2. ஆசிரியர் மத்திய நிலையம். இங்கே ஆசிரியர்களுக்குச் செயலமர்வு நடக்கும். புதுப் பாடத்திட்டம், கற்பித்தல் சாதனம் செய்யும் முறை எல்லாம் இங்கே பழகலாம்.

3. தர உள்ளீட்டு நிதி. ஆய்வுகூடத்துக்கு வேண்டிய இரசாயனப் பொருள், அளவுகோல், வரைதாள் போன்றவை வாங்கப் பாடசாலைக்குக் கிடைக்கிற பணம் இது. சின்னப் பாடசாலைக்குத் தொகை கொஞ்சம்தான். அதை எதற்குச் செலவழிப்பது என்று பாடசாலையில் பேசித் தீர்மானிக்கலாம்.

4. வெற்றிட விபரம். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று அதிபர் வலயத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். எழுத்தில் போகாத வெற்றிடம் மேலே உள்ளவர் கண்ணுக்குத் தெரியாது.

"இவ்வளவு இருந்தா நமக்கு ஏங்க வந்து சேரல்ல?" என்று கேட்பீர்கள். ஆலோசகர்கள் சில பேர்தான், பாடசாலைகளோ பல. ரோட்டோரத்துப் பாடசாலைக்குப் போவது சுலபம், மலைக்கு மேலே உள்ளதற்குக் கஷ்டம். கேட்கிற இடத்துக்கு முதலில் வருவார்கள். கேட்காத இடம் பிந்திப் போகும். நாம் கேட்பதே இல்லை.

தோட்டமே ஒரு ஆய்வுகூடம்

ஆய்வுகூடம் இல்லையென்று விஞ்ஞானம் நின்றுவிடாது. ஆசிரிய ஆலோசகர்களும் சுற்றாடலை வைத்துப் படிப்பிக்கச் சொல்லித்தான் வழி காட்டுகிறார்கள்.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணிக்கும் 2 கிலோ கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ எடுத்தவருக்கு அது 10 வீதம். 25 கிலோ எடுத்தவருக்கு 8 வீதம். ஒரே 2 கிலோ இரண்டு பேருக்கும் ஏன் வேறு வேறு வீதமாகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதை விளக்கிச் சொல்கிற பிள்ளைக்கு வீதம் விளங்கிவிட்டது என்று அர்த்தம். அம்மாவின் சம்பளத் துண்டையும் அந்தப் பிள்ளை சரிபார்க்கும்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிச்சப் பாரம் எங்கே போனது? கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேலே தண்ணீர். வாட்டும்போதும் காய வைக்கும்போதும் அது ஆவியாகிவிடுகிறது. இது விகிதமும்தான், விஞ்ஞானமும்தான்.

நுவரெலியாவில் பருப்பு வேக நேரமெடுக்கும். ஏன்? உயரமான இடத்தில் காற்றின் அமுக்கம் குறைவு. கொழும்பில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதித்தால் நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தத் தண்ணீரில் சூடு குறைவு, அதனால் வேகத் தாமதம்.

வாசலில் நிற்கிற செவ்வரத்தைப் பூவைச் சுடுதண்ணியில் ஊறப் போட்டு, அந்தச் சாற்றில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். சிவக்கும். சவர்க்காரத் தண்ணி விட்டால் பச்சையாகும். அமிலத்தையும் காரத்தையும் அடையாளம் காண்பது இப்படித்தான். தேயிலைக்கு அமிலத் தன்மையுள்ள மண் பிடிக்கும். ஆனால் அது அளவுக்கு மிஞ்சினால்தான் மலையில் டொலமைட் போடுகிறோம். விஞ்ஞானப் பாடம் நம்ம மலையிலேயே கிடக்கிறது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

ஒன்று: தவணைக்கு ஒரு தடவையாவது கணக்குக் கொப்பியைத் திறந்து பாருங்கள. எழுத்துத் தெரியாவிட்டாலும் திகதியைப் பார்க்கலாம். பல வாரமாகப் புதுத் திகதி இல்லையென்றால் வகுப்பு நடக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டு: அப்படியானால் அடுத்த நாளே அதிபரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். "சேர், கணக்குக்கு ஆள் இல்லீங்களா? வலயத்துக்கு எழுதியாச்சுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் போதும். அதிபருக்கும் அது பலம்தான்.

மூன்று: பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். ஆலோசகரை அழைக்கும்படி அங்கே தீர்மானம் எடுத்துக் கடிதமாக அனுப்பச் சொல்லுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: கணக்கில் சித்தியடையாத பிள்ளையை உடனே கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பிவிடாதீர்கள். மறுபடியும் பரீட்சை எழுதலாம். 2017 முதல் சில பாடசாலைகளில் உயர் தரத்தில் தொழிற் பிரிவு நடக்கிறது. அதற்குச் சாதாரண தரத்தில் சித்தி கட்டாயமில்லை.

ஐந்து: "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்று சொல்லாதீர்கள். காலையிலிருந்து மாலை வரை எத்தனை கிலோ எடுத்தோம், எத்தனை பேர் விழுந்தது, கடைக்கு எவ்வளவு கடன் என்று ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் மனதிலேயே வைத்திருப்பவர்கள் நம்ம பெண்கள். அவர்கள் வயிற்றுப் பிள்ளைக்குக் கணக்கு வராமல் போகுமா?

முதலில் சொன்ன பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அவளை வேலைக்கு அனுப்பவில்லை. தரம் 7 புத்தகத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள். பாடசாலைக்குப் புதிதாக வந்த ஒரு ஆசிரியை சனிக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் பிள்ளை மடுவத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தோம். இரண்டாவது தடவை கணக்கில் சித்தியடைந்துவிட்டாள். ஆனால் விஞ்ஞானப் பிரிவுக்கு டவுனுக்குப் போகக் குடும்பத்தால் முடியவில்லை. பக்கத்தில் கலைப் பிரிவில் படிக்கிறாள். ஆசிரியராக வர வேண்டும் என்கிறாள். நல்லதுதான். ஆனாலும் ஏழாம் ஆண்டிலேயே நாலு பெற்றோர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவள் முதலில் ஆசைப்பட்ட பாதையும் திறந்திருக்கும் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

அவளுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். இப்போது தரம் 6. அந்தத் தாய் போன மாதம் அவளுடைய கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, திகதி பாருங்க, ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டார்.

ஒழுங்காக இருந்தது. உங்கள் வீட்டுக் கொப்பியையும் இன்று இரவு ஒரு தடவை திறந்து பாருங்கள்.