காட்டிற்கு விருந்தினராய்ச் செல்வோம்

நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டில் பணிபுரிந்து வருகிறார். விடுமுறையில் ஊர் திரும்பிய அவர், அந்நாட்டின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் தாம் எடுத்த படங்களை ஒரு ஞாயிறு மாலை பங்கு மக்களுக்குக் காட்டினார். 14,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி. மழையைத் தேடி இடம்பெயரும் விலங்குக் கூட்டங்கள். அவற்றின் பின்னே பசியோடு தொடரும் சிங்கங்கள். எல்லாரும் மெய்ம்மறந்து பார்த்தனர்.

"சஃபாரி என்றால் கலியாணத்திற்குப் போடுகிற உடுப்பல்லவா?" என்று பெரியவர் ஒருவர் வினவ, சிரிப்பலை எழுந்தது. கிழக்கு ஆப்பிரிக்க மக்களின் சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் 'பயணம்' என்பதே பொருள் என்று அவ்விளைஞர் விளக்கினார். எந்தப் பருவத்தில் விலங்குகள் எங்கிருக்கும் என்று கேட்டறிந்து, பல மாதங்களுக்கு முன்னரே அனுமதியும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்த பின்னரே தாம் புறப்பட்டதாகவும் கூறினார். படங்களைக் காட்டிலும் இச்செய்தியே நம் உள்ளத்தைத் தொட்டது.

"நாமும் போகலாமே, சாமி!" என்றனர் நம் இளைஞர்கள். ஆப்பிரிக்காவுக்குச் செல்ல நம்மிடம் பொருளில்லை. ஆனால் மதுரையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், தேக்கடியில், பெரியாறு புலிகள் காப்பகம் இருக்கிறதே! உசிலம்பட்டி, தேனி, கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலைச்சாலையில் ஏறினால் அதன் வாயிலை அடையலாம்.

அந்தக் காட்டிற்கும் நமக்கும் உள்ள உறவு சுற்றுலா உறவு மட்டுமன்று. மேற்கே கடலை நோக்கி ஓடிய பெரியாற்றைப் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார். 1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவ்வணை திறக்கப்பட்டது. அதுமுதல் அந்நீர் வைகையோடு கலந்து, பேரணையில் பிரியும் கால்வாய் வழியே சோழவந்தான், மேலூர் வட்டார வயல்களை நனைத்து வருகிறது. தேக்கடியில் நாம் படகில் செல்லும் ஏரி அந்த அணையின் நீர்த்தேக்கமே. சுற்றியுள்ள காடு 1978ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. அதன் பரப்பு இன்று 925 சதுர கிலோமீட்டர். அக்காடு மழையை ஏந்தி நிறுத்தாவிடில் நம் அடுப்பில் உலை ஏது?

நம் தவறொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், எவ்வித முன்னேற்பாடும் இன்றி ஒரு பேருந்து நிறைய மக்களை அங்கு அழைத்துச் சென்றோம். வழியெல்லாம் ஒலிபெருக்கிப் பாட்டு, கைநிறையத் தின்பண்டம். நண்பகலில் போய்ச் சேர்ந்தபோது படகுச் சீட்டுகள் தீர்ந்திருந்தன. அன்று நாம் கண்ட ஒரே வனவிலங்கு, எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பறித்தோடிய குரங்குதான். "காட்டில் ஒன்றுமே இல்லை" என்று குறைகூறியபடி திரும்பினோம். காட்டில் யாவும் இருந்தன. நம்மிடம் இல்லாதது ஒழுங்கே.

ஆகவே இம்முறை மூன்று மாதங்களுக்கு முன்னரே பங்கு மன்றத்தில் அமர்ந்து திட்டமிட்டோம். பிற பங்கினருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதனைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, காலம். தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும் அட்டைகள் மிகுதி, பாதைகளும் வழுக்கும். கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை சபரிமலை செல்லும் அன்பர்களால் குமுளிச் சாலை நிறைந்திருக்கும். பங்குனி, சித்திரையில் நீர் வற்றுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வருவது கூடும். ஆனால் பிள்ளைகளுக்குத் தேர்வு வந்துவிடும். எனவே பிப்ரவரி முதல் வாரத்துச் சனிக்கிழமையைத் தெரிந்துகொண்டோம். முந்திய மாலையே குமுளியில் தங்கினால்தான் காலை முதற்படகில் ஏற முடியும். விலங்குகள் வெளிவரும் வேளைகள் காலையும் மாலையுமே.

இரண்டாவது, அனுமதி. படகுச் சீட்டுகளை முன்பதிவு செய்தோம். காட்டினுள் நடந்து செல்ல விரும்பிய சிலருக்கு வனத்துறையின் வழிகாட்டியை ஏற்பாடு செய்தோம். "இதற்கெல்லாம் எழுத்து எதற்கு? நமக்குத் தெரிந்த வழி உண்டு" என்றார் ஓர் இளைஞர். அவருக்கு நாம் குரங்கணியை நினைவூட்டினோம். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைபயணம் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்திற்கு மனிதரின் கால்கள் ஈடாகா. எப்போது, எவ்வழியே போகலாம் என்பதை அறிந்தவர் சொல்லைக் கேட்பது கோழைத்தனம் ஆகாது.

மூன்றாவது, படகு. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இதே தேக்கடி ஏரியில் 'ஜலகன்னிகா' என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். படகின் அமைப்பிலேயே குறைகள் இருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது. எனினும், கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததே அந்நொடியில் படகைக் கவிழ்த்தது என்பர். விலங்கைக் காணும் ஆவலே பலரைப் பலிகொண்டது. இதைச் சொல்லி முடித்தபோது மன்றத்தில் பேச்சே எழவில்லை. "யானையே வந்தாலும் இருக்கையை விட்டு எழமாட்டோம்; மிதவை உடுப்பைக் கழற்றமாட்டோம்" என்று பிள்ளைகள் அனைவரும் வாக்களித்தனர்.

நான்காவது, விட்டுச் செல்ல வேண்டியவை. நெகிழிப் பைகள், ஒலிபெருக்கி, பளிச்சிடும் ஆடைகள், வாசனைப் பொருள்கள் யாவும் வீட்டிலேயே தங்கின. நாமும் வெள்ளை அங்கியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழுப்பு நிறச் சட்டை அணிந்தோம். உணவைக் குமுளியிலேயே முடித்துக்கொண்டோம்.

குறித்த நாளில் 22 பேர் சென்றோம். நம் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் படகுத்துறையை அடைந்தோம். பனி விலகாத ஏரியின் நடுவே, அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் பட்ட கட்டைகள் இன்றும் நின்றன. அவற்றின் மீது நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் குளிர்காய்ந்தன. கரையில் கடமான்கள் மேய்ந்தன. புலியைக் காணவில்லை, காண்போம் என்று யாருக்கும் நாம் சொல்லவுமில்லை.

ஒரு வளைவைக் கடந்ததும் யானைக் கூட்டம் ஒன்று நீர் அருந்துவதைக் கண்டோம். தாயின் கால்களுக்கிடையே ஒரு குட்டி. படகிலிருந்த வேறு சிலர் ஆரவாரத்தோடு எழுந்தனர். நம் சிறுமி ஒருத்தி, "உட்காருங்க மாமா! படகு சாய்ஞ்சிடும்" என்று உரக்கச் சொன்னாள். பத்து வயதுப் பிள்ளையின் சொல் கேட்டு, நாணத்தோடு அவர்கள் அமர்ந்தனர். பேச்சு அடங்கியது. அந்த அமைதியில் குட்டி துதிக்கையால் நீரை அளைவதை அனைவரும் கண்ணாரக் கண்டோம். மூன்று மாதத் திட்டத்தின் பயன் அந்த ஒரு கணத்தில் கிட்டிவிட்டது.

நடைபயணம் சென்று திரும்பியோர் மற்றொரு செய்தி கொணர்ந்தனர். முன்னாளில் இக்காட்டில் வயணம் என்னும் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வாழ்ந்த இருபதுக்கும் மேற்பட்டோர், 1990களின் பிற்பகுதியில் மனந்திருந்தி, வனத்துறையோடு சேர்ந்து அக்காட்டின் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் ஆயினர். உள்ளூர்ப் பெண்கள் 'வசந்தசேனை' என்னும் பெயரில் ஒன்றுகூடி, 2002ஆம் ஆண்டு முதல் ஊதியமின்றி முறைவைத்துக் காட்டைச் சுற்றிக் காவல் காத்த வரலாறும் உண்டு. காட்டை அழிக்கக் கற்ற கால்களே அதனைக் காக்கவும் கற்கும் என்றால், திருந்த முடியாத மனிதர் என்று நாம் யாரைச் சொல்லக்கூடும்?

திரும்பும் வழியில், மலையடிவாரமாகிய லோயர் கேம்பில் வண்டியை நிறுத்தினோம். சுரங்கம் கடந்து, மின்சார நிலையத்தைத் தாண்டி வந்த பெரியாற்று நீர் அங்கே சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. மேலூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் மெல்ல இறங்கி, இரு கைகளாலும் அந்நீரை அள்ளினார்.

"இது நம்ம வாய்க்காத் தண்ணிதானே, சாமி?" என்றார்.

"ஆம், அம்மா. காலையில் அந்த யானைக்குட்டி குடித்ததும் இதுவே" என்றோம்.

அவர் அந்நீரைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஆப்பிரிக்கா செல்ல வாய்த்தோர் மகிழ்ச்சியோடு சென்று வரட்டும். நமக்கு வாய்த்தது இக்காடு. விருந்தினர் வீட்டாரைக் கேட்டே உள்ளே நுழைவர். கொடுத்ததைக் கொண்டு மகிழ்வர். குப்பை விட்டு வாரார். அம்மூன்றையும் கைக்கொண்டு செல்லும் குடும்பத்திற்குக் காடு எதையும் ஒளிப்பதில்லை.