அடிநாதம் எங்கே போயிற்று?

சென்ற ஆண்டு ஒரு மாலை வேளை. ஆய்வுக்கூடத்தைப் பூட்டப் போகும் நேரத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் கைப்பேசியுடன் வந்தார். "சார், இது உலகப் புகழ் பெற்ற இசைப்பதிவு என்கிறார்கள். எனக்கோ 'டிக் டிக்' என்ற ஓசையும், பின்னால் மெல்லிய இழைவு ஒன்றும்தான் கேட்கின்றன. இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்றார்.

கைப்பேசியை ஆய்வுக்கூடப் பெருக்கியுடன் இணைத்தேன். அதில் 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்று பொருத்தியிருந்தோம். ஒலியை அதிகமாகக் கூட்டவில்லை. ஆனாலும் தரையிலிருந்து எழுவது போல ஒரு கனத்த நாதம் அறையை நிறைத்தது. மேசை மேல் இருந்த கண்ணாடி முகவை சன்னமாக அதிர்ந்தது. மாணவர் வியந்து போனார். "இவ்வளவு நேரமும் இது எங்கே சார் இருந்தது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி! அந்த அடிநாதம் எங்கே போயிற்று? அதைத் தேடுவதற்கு முன் அந்தப் பதிவைச் செய்தவரைத் தெரிந்துகொள்வோம்.

தாளக்காரர் செய்த மெட்டு

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள பெருநகரம் சிகாகோ. 1977 முதல் அங்கே ஒரு பழைய கட்டடத்தில் 'வேர்ஹவுஸ்' என்ற நடன அரங்கு நடந்துவந்தது. வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு என்று பொருள். அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இழைத்து, இடைவிடாமல் ஒலிக்கச் செய்வார். அந்த அரங்கின் பெயரில் பின்பாதியே 'ஹவுஸ்' என்ற இசைவகைக்குப் பெயராயிற்று என்பர்.

அதே நகரில் 1960-ல் பிறந்தவர் லாரி ஹேர்ட். இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசித்து வந்தார். தாளக்காரரிடம் குழு எதிர்பார்ப்பது தாளத்தைத்தான். அவர் மனத்திலோ மெட்டுகளும் இருந்தன. ஆகவே ஒரு மின்னணு இசைக்கருவியையும் ஒரு தாள இயந்திரத்தையும் வாங்கிவந்து வீட்டிலேயே தனியாக இசையமைக்கத் தொடங்கினார். 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்' என்ற புனைபெயரில் 1985-ல் 'மிஸ்டரி ஆஃப் லவ்', 1986-ல் 'கேன் யூ ஃபீல் இட்' ஆகிய பதிவுகள் வெளிவந்தன. நம் மாணவர் கொண்டுவந்தது இரண்டாவது பதிவு. வேகம் மிகுந்த நடன இசைக்கு நடுவே நிதானமும் நெகிழ்ச்சியும் கொண்ட ஒரு கிளையை இவை தோற்றுவித்தன. அதற்கு 'டீப் ஹவுஸ்', அதாவது ஆழ்ந்த ஹவுஸ், என்று பெயர்.

அந்த ஆழம் எப்படி வந்தது?

இரண்டு பெட்டிகள்

'கேன் யூ ஃபீல் இட்' பதிவில் பயன்பட்டவை ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் செய்த இரு கருவிகள். ஒன்று 1982-ல் வந்த 'ஜூனோ-60'. ஆர்மோனியம் போல் கட்டைகள் கொண்டது; ஒரே சமயத்தில் ஆறு சுரங்களை ஒலிக்க வல்லது. மற்றொன்று 1983-ல் வந்த 'டி.ஆர்.-909' என்னும் தாள இயந்திரம். இதை ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் மட்டுமே செய்தார்கள். அசல் டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று அந்நாளில் பலர் இதை ஒதுக்கினார்கள்.

இந்தத் தாள இயந்திரத்தில் பெரிய டிரம்மின் 'தும்' என்ற ஒலி எப்படிப் பிறக்கிறது? உள்ளே தோலும் இல்லை, கோலும் இல்லை. ஒரு மின்சுற்று அதிர்கிறது. முதல் நொடிப்பொழுதில் அதன் அதிர்வெண் மேலே இருக்கும். உடனே சரசரவென்று கீழே இறங்கும். வீச்சும் தேய்ந்து மறையும். நம் காது இதை 'தும்' என்று கேட்கிறது. இவ்வகை இசையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முறை, அதாவது அரை வினாடிக்கு ஒரு முறை, இந்தத் தட்டு விழும்.

கழித்தல் என்னும் கலை

இனி ஜூனோவைப் பார்ப்போம். அதன் உள்ளே ஓர் அலை இயற்றி இருக்கிறது. அது தரும் அலையை வரைந்தால் ரம்பத்தின் பற்களைப் போல் இருக்கும். இந்த ரம்பப்பல் அலையில் அடிப்படை அதிர்வெண் மட்டும் இல்லை. அதன் எல்லா மடங்குகளும் கலந்திருக்கின்றன. அடிப்படை 55 ஹெர்ட்ஸ் என்றால் 110, 165, 220, 275 என்று மேற்சுரங்கள் ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது மேற்சுரத்தின் வீச்சு அடிப்படையில் பாதி என்றால், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, நான்காவது நான்கில் ஒரு பங்கு, இப்படியே தொடரும். கேட்பதற்கு இந்த அலை கரகரப்பாக, வண்டு இரைவது போல இருக்கும்.

அடுத்து வருவது வடிப்பான். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழுள்ள அதிர்வெண்களை இது விட்டுவிடும், மேலுள்ளவற்றைத் தடுக்கும். ஜூனோவின் வடிப்பானில், எல்லைக்கு வெகு மேலே அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வீச்சு ஏறத்தாழ 16-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எல்லையைக் கீழே இறக்க இறக்கக் கரகரப்பு மறைந்து, ஒலி உருண்டையாக, மென்மையாக மாறுகிறது.

உங்களிடமும் ஒரு வடிப்பான் இருக்கிறது. ஒரே சுரத்தில் 'ஆ' என்று பாடத் தொடங்கி, மெல்ல இதழைக் குவித்து 'ஊ'வுக்கு வாருங்கள். சுரம் மாறவில்லை, ஆனால் ஒலியின் பளபளப்பு குறைந்து ஆழம் கூடுகிறது அல்லவா? குரல்வளை தந்த மேற்சுரங்களில் சிலவற்றை உங்கள் வாய் தடுத்துவிட்டது.

ஆக, இந்த ஆழம் கூட்டலால் வந்ததன்று, கழித்தலால் வந்தது. இயந்திரம் அள்ளித் தருவதில் எதை விடுவது, எதைத் தடுப்பது, எப்போது திறப்பது என்று முடிவு செய்வது மனிதனின் காது. ஒரே ஜூனோ ஆயிரம் பேரிடம் இருந்தது. பிறந்த இசை ஒன்றாக இருக்கவில்லை.

சின்ன ஒலிபெருக்கியின் சிரமம்

இப்போது காணாமற்போன அடிநாதத்துக்கு வருவோம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஒரே கூம்பு, ஒரே ஒலி அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஏனெனில் ஒலி அழுத்தம் கூம்பின் முடுக்கத்தைப் பொறுத்தது. முடுக்கமோ அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 880 ஹெர்ட்ஸிலிருந்து 55 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அதிர்வெண் 16-ல் ஒரு பங்கு. அசைய வேண்டிய தூரமோ 16 × 16 = 256 மடங்கு! கைப்பேசியில் உள்ள ஒலிபெருக்கி விரல்நகம் அளவே இருக்கும். அது தள்ளும் காற்றும் கொஞ்சம். அசைய இடமும் இல்லை. 12 அங்குலக் கூம்போ பரப்பு மிகுந்தது. கொஞ்சம் அசைந்தாலே நிறையக் காற்றைத் தள்ளிவிடும். இதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

"அப்படியானால் மற்றப் பாட்டுகளில் மட்டும் கனத்த ஒலி கைப்பேசியில் ஓரளவு கேட்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கே நம் மூளை ஒரு வேலை செய்கிறது. 440, 495, 550 ஹெர்ட்ஸ் மேற்சுரங்கள் காதுக்கு எட்டினால், அவற்றின் இடைவெளி 55 என்பதை மூளை உணர்ந்து, வராத 55 ஹெர்ட்ஸ் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆனால் லாரி ஹேர்ட் போன்றோர் வடிப்பானால் அந்த மேற்சுரங்களைப் பெரிதும் கழித்துவிடுகிறார்கள். கைப்பேசியோ அடிப்படையைக் கழித்துவிடுகிறது. மேலும் போயிற்று, கீழும் போயிற்று. மூளைக்குத் துப்புக் கொடுக்க ஏதும் மிஞ்சவில்லை. மாணவர் கேட்ட 'டிக் டிக்' மட்டுமே எஞ்சியது!

பெரிய ஒலிபெருக்கியில் கேட்டபோது முகவை அதிர்ந்ததற்கும் காரணம் உண்டு. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் செல்கிறது. ஆகவே 55 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6.3 மீட்டர், ஓர் அறையின் நீளத்தையும் விஞ்சலாம். 8,000 ஹெர்ட்ஸ் 'டிக்' ஒலியின் அலைநீளம் வெறும் 4.3 சென்டிமீட்டர். நீண்ட அலை தூண்களையும் கதவு ஓரங்களையும் எளிதில் வளைந்து கடக்கும்; சுவரையும் தரையையும் அதிரச் செய்யும். உரத்து ஒலிக்கும்போது அதைக் காது மட்டுமன்றி நெஞ்சும் உணர்கிறது. 'உன்னால் உணர முடிகிறதா?' என்று பொருள்படும் பெயர் அந்தப் பதிவுக்குப் பொருத்தம்தானே!

திரும்ப வராத கழித்தல்

கதை இத்துடன் முடிந்தால் நல்லது. மாணவர் போகும்போது, "இது தெரியாமல், அடிநாதம் கேட்கட்டும் என்று காதணி ஒலிபெருக்கியில் சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்துக் கேட்டேன் சார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை மந்தமாகவே உணரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற அறிஞர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே அடிநாதத்துக்காகச் சத்தத்தைக் கூட்டுகிறவர், தம்மை அறியாமல் நடு, உயர் அதிர்வெண்களையும் சேர்த்துக் காதுக்குள் கொட்டுகிறார்.

உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றுபவை இவையே. பேரோசையில் இவை நலிந்து மடிந்தால் மனிதக் காதில் மீண்டும் முளைப்பதில்லை. முதல் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியே தோன்றும். அதனால் பேச்சில் 'ஸ்', 'ஷ்' போன்ற ஒலிகள் மங்கும். இதுவும் ஒரு வடிப்பான்தான். ஜூனோவின் வடிப்பானைத் திருகினால் திறந்துகொள்ளும், இது திறக்காது.

அளவு எது? 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிக்கிறது. அனுமதித்த நேரம் பாதியாகிறது. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி என்று போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிடமே! சிறுவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் இன்னும் கடுமையாக, 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது.

மறுநாள் வகுப்பில் அலை இயற்றியை ஒலிபெருக்கியுடன் இணைத்து, அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினேன். 14,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் எனக்கு ஓசை நின்றுவிட்டது. "கருவியை நிறுத்திவிட்டேனா?" என்று கேட்டேன். "இல்லை சார், நன்றாகக் கேட்கிறது" என்று வகுப்பே சிரித்தது. கல்லூரி நாட்களில் விழாக்களில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து நின்றவன் நான். இதில் வயது கழித்தது எவ்வளவு, என் கவனக்குறைவு கழித்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி இல்லை.

தொடரும் இசை

லாரி ஹேர்ட் இசையை விடவில்லை. 1988-ல் 'ஃபிங்கர்ஸ் இன்க்.' குழுவின் 'அனதர் சைட்', 1992-ல் 'இன்ட்ரொடக்‌ஷன்', 2018-ல் 'செரிப்ரல் ஹெமிஸ்பியர்ஸ்', 2022-ல் 'அரௌண்ட் தி சன்' முதல் பகுதி என்று தொகுப்புகள் தொடர்ந்தன. கடைசித் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. தொடக்க காலப் பதிவுகளின் உரிமைக்காகத் தொடுத்த வழக்கு சமரசமாகி, அந்த உரிமைகள் திரும்பி வந்ததும் அதே 2022-ல்தான். இழந்த உரிமையை வழக்காடி மீட்க முடிந்தது. இழந்த செவிப்புலனுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை.

இன்று ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் மிதமான சத்தத்தில் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள். எந்த ஒலிகள் கதவைத் தாண்டி வருகின்றன? எவை நின்றுவிடுகின்றன? கேட்டவற்றையும் கேளாதவற்றையும் இரண்டு பத்தியாக எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வடிப்பான் என்றால் என்ன என்பதை உங்கள் வீட்டுக் கதவே சொல்லிக்கொடுத்திருக்கும்.